ஈப்புலி இருந்த மூன்று மா

தீப்பெட்டியைக் காதோரம் வைத்தால் உள்ளே "தட், தட்" என்று கேட்கும். எட்டு வயது என்று நினைத்தாலே அந்தச் சத்தமும் தீக்குச்சி வாசனையும்தான் எனக்கு முதலில் வரும். உள்ளே இருந்தது "ஈப்புலி". உளுந்தளவு உடம்பு, முதுகில் இரண்டு வெள்ளைக் கோடு, ஆளை நிமிர்ந்து பார்க்கிற கண்கள். வலை கட்டாத சிலந்தி அது. நெல்லின் தோகை நுனியை மடித்து அதற்குள் குடியிருந்து, பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைக் குதித்துப் பிடிக்கும். ஊரெல்லாம் பூச்சிமருந்து அடிக்கத் தொடங்கிய காலத்தில், "அது பாட்டுக்கு அது வேலையப் பாக்குது, நாம ஏன் கெடுக்கணும்" என்று அப்பா எங்கள் வயலில் மருந்தைத் தொடவே இல்லை.

எங்கள் வயல் என்கிறேன். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மிராசுதாரின் மூன்று மா நிலம் அது, ஏறக்குறைய ஓர் ஏக்கர். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பா குத்தகைக்கு உழுதது. கூலிக்கும் குத்தகைக்கும் ஊருக்கு ஊர் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, உழுகிறவர் பெயரைப் பதிந்துவிட்டால் லேசில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்தது. அதிகாரி விசாரிக்க வருவார், "நான்தான் சாகுபடி பண்றேன்" என்று மட்டும் சொன்னால் போதும் என்று விவசாயிகள் சங்கத்துக்காரர் சொல்லிப்போனார். ஒரு வாரம் முழுக்க அப்பா அதை மாட்டிடமும் சொன்னார், என்னிடமும் சொன்னார்.

அதிகாரி களத்து மேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பின்னாலேயே மிராசுதாரும் வந்து நின்றார். அவரைக் கண்டதும் அப்பாவின் தோளில் கிடந்த துண்டு வழக்கம்போல இடுப்புக்கு இறங்கியது. கூடவே குரலும் இறங்கிவிட்டது. யார் சாகுபடி என்று கேட்டதற்கு, "ஐயா நெலம்ங்க. நாங்க கூடமாட இருக்கோம்ங்க" என்றார். அதிகாரி அதையே எழுதிக்கொண்டார், அப்பா பெயர் பதிவில் ஏறவில்லை. என் கைக்குள் தீப்பெட்டி நசுங்கியது, திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஒரு வாரமா பாடம் பண்ணுன வாய் எங்க போச்சு?" என்றாள் அம்மா. அப்பா எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போடப் போனார். அடுத்த நடவுக்கு வயல் வேறு ஆளிடம் போனது, மருந்தும் அடித்தார்கள். தோகை தோகையாகத் தேடினேன், ஓர் ஈப்புலிகூட இல்லை. அப்போது எனக்கு அப்பா மேல்தான் ஆத்திரம். மரியாதை மரியாதை என்று சொல்லியே அந்த வாயைக் கட்டிப்போட்டவர்கள் மேல் வந்த ஆத்திரம் பிறகு வந்தது, இன்னும் போகவில்லை.

இப்போது அங்கே வீட்டுமனைக் கல் நட்டிருக்கிறார்கள், அப்பாவும் இல்லை. விலங்கியல் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றுக் குத்தாலத்தில் இருக்கும் நான், போன மாதம் எங்கள் கொல்லை வாழையிலையில் அதே இரண்டு கோட்டைக் கண்டு, ஆராய்ச்சி செய்கிற ஒருவருக்குப் படம் அனுப்பினேன். அதிகம் பதிவாகாத இனம், முதன்முதலில் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டுப் படிவம் அனுப்பினார். ஊர், வயல், பயிர் எல்லாம் நிரப்பினேன். அதற்குக் கீழே "சாகுபடி செய்தவர்: மாரிமுத்து" என்று அப்பா பெயரை எழுதினேன். படிவத்தில் அப்படி ஒரு கட்டம் கிடையாது, நானே போட்டுக்கொண்டேன்.