ஊதா வட்ட முத்திரை, சற்றே சாய்ந்து

ஐந்து மணி ஆனதும் யுவராணி துப்பட்டாவால் கண்ணை மறைத்துப் பின்மண்டையில் இரண்டு முடிச்சுப் போட்டுக்கொள்கிறார். மவுஸை எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிடுகிறார். பிறகு கீபோர்டை மட்டும் வைத்துக்கொண்டு, பகலில் தான் செய்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறக்கிறார். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் கணினிக் குரல் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டுகிறது. குரல் தடுமாறும் இடத்தில், "இன்னாடி முழிக்கிற?" என்று அதை அதட்டுகிறார். எதற்கு இரண்டு முடிச்சு என்று கேட்டேன். "ஒண்ணு போட்டா கண்ணு திருட்டுத்தனம் பண்ணும் சார். சந்துல பாத்துரும்."

வயது முப்பத்திரண்டு. ஊர் பாரிவாக்கம். பெற்றோர் கூலிக்கு நாற்று நட்ட வயலில் இப்போது மனை எண் எழுதிய கற்கள் நிற்கின்றன. பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்வி அலுவலகத்தில் பதினொரு மாத ஒப்பந்தத்தில் கணினி வேலை. நாற்பத்து மூன்று அரசுப் பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே இணையதளம் கட்டும் பொறுப்பு 2025 ஜூன் 9 அன்று இவரிடம் வாய்மொழியாகத் தரப்பட்டது. எழுத்தில் ஆணை கிடையாது. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பள்ளிகளின் பெயர், முகவரி, தொடங்கிய ஆண்டு ஆகியவற்றைப் பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டுச் சொல்ல, இதே துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என்னை அழைத்தார்கள். திங்களும் புதனும் போகிறேன்.

முன்பு பதினேழு பள்ளிகளுக்குத் தனித்தனித் தளம் இருந்தது. ஒன்றில் மயில் பறக்கும். ஒன்றில் எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்றில், ஓய்வு பெற்று மூன்றாண்டு ஆன தலைமையாசிரியர் இன்னும் வரவேற்பார். மற்ற இருபத்தாறு பள்ளிகளுக்கு ஒன்றுமே இல்லை. யுவராணி மயிலை விரட்டினார், ஓடிய எழுத்தை நிறுத்தினார். அவருக்குத் தீராத பகை ஒரே சொல்லோடுதான்: "இங்கே அழுத்தவும்." "இங்கன்னா எங்க சார்? பாக்கறவனுக்கு இங்க. கேக்கறவனுக்கு?" இருநூற்றுப் பன்னிரண்டு 'இங்கே'க்களை எடுத்துவிட்டு, அழுத்தினால் என்ன வரும் என்பதை அந்தந்த இடத்தில் எழுதினார். வாயில் எந்நேரமும் உலர்ந்த நெல்லிக்காய்த் துண்டு ஒன்று. மெட்ரோ தூணுக்கு அடியில் நடந்து போகும்போதுகூடக் கடைப் பலகைகளை உரக்கப் படித்துக்கொண்டு போவார். தெருவே திரும்பிப் பார்க்கும்.

இனி நான் கோபப்படும் விஷயத்துக்கு வருகிறேன். நம் அலுவலகங்களில் ஒரு கடிதம் கணினியில்தான் பிறக்கிறது. உடனே அதை அச்செடுக்கிறார்கள், பச்சை மையில் கையெழுத்து வாங்குகிறார்கள், ஊதா முத்திரை குத்துகிறார்கள், பிறகு ஸ்கேன் செய்து படமாகத் தளத்தில் ஏற்றுகிறார்கள். குரல் அந்தப் பக்கத்துக்கு வந்ததும், "படம்" என்கிறது. வேறொன்றும் சொல்வதில்லை. நானும் முப்பத்தாறு ஆண்டு முத்திரை குத்தியவன்தான். சந்தேகப்படுகிறவனுக்காக வந்தது முத்திரை. படிக்கிறவனின் வாயில் அதை வைத்து அடைக்க எந்த விதியும் சொல்லவில்லை.

யுவராணி ஒவ்வொரு படத்துக்கும் கீழே கடிதம் முழுவதையும் எழுத்தாகத் தட்டி வைத்தார். நவம்பர் 17, திங்கட்கிழமை, கண்காணிப்பாளர் சம்பந்தம் அதைப் பார்த்தார். "முத்திரை இல்லாத எழுத்து ஒரு வரிகூட இருக்கக் கூடாது" என்று ஆணை போட்டார். அன்று மாலைக்குள் எழுத்து முழுவதும் நீக்கப்பட்டது. நீக்கப்பட்டவற்றில் ஒன்று, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான அறிவிப்பு: பார்வையற்ற மாணவர்கள் தாங்கள் சொல்லச் சொல்ல எழுத ஆள் வேண்டுமென்றால் நவம்பர் 21க்குள் விண்ணப்பிக்க வேண்டும். பார்வையற்றவர்களுக்கான அறிவிப்பைப் படமாக மட்டும் வைத்த அலுவலகம் எது என்று பிற்காலத்தில் யாராவது தேடினால், கோப்பு இருக்கிறது.

புதன்கிழமை காலை, ஷேர் ஆட்டோ ஓட்டும் வேம்புலி தன் மகள் கார்த்திகாவைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். கார்த்திகாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை, பத்தாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை போனில் அறிவிப்பைப் பாதி கேட்டிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை மீதியைக் கேட்கத் திறந்தால் "படம்." கடைசித் தேதி அவளுக்குத் தெரியாது. தவறவிட்டால் எழுத ஆள் இல்லை. ஓர் ஆண்டு போகும்.

"கண்ணு தெரியாத புள்ளைக்கி போட்டா புட்சி அனுப்பிகீறீங்களே நைனா, இன்னா ஞாயம் இது?" என்றார் வேம்புலி.

"சத்தம் போடாதீங்க. முறைப்படிதான் போட்டிருக்கோம்" என்றார் சம்பந்தம்.

கார்த்திகா போனை அவர் பக்கம் நீட்டினாள். "கடைசித் தேதி இன்னான்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க சார்."

சம்பந்தம் வாங்கிக் காதில் வைத்தார். நான் எதிர் நாற்காலியில் இருந்தேன். நான்கு முறை "படம்" கேட்டது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு யுவராணியைப் பார்த்தார். "வெறும் எழுத்துன்னா நாளைக்கு எவனாவது தேதிய மாத்திடுவான்மா. என் தலைதான் உருளும். முத்திரை இருக்குன்னு தெரியணும்."

"தெரியணும், அவ்ளோதான சார்?"

யுவராணி உட்கார்ந்தார். சேமித்து வைத்திருந்த எழுத்தை மறுபடி ஏற்றினார். முடிவில் இரண்டு வரி சேர்த்தார். பிறகு குரலை எல்லோருக்கும் கேட்கும்படி உயர்த்தினார். அறிவிப்பு முழுவதும் வந்தது, இருபத்தொன்றாம் தேதி வந்தது, கார்த்திகா விரலை மடக்கி எண்ணி, "நாளன்னிக்கிதான்!" என்றாள். குரல் தொடர்ந்தது: "கீழே பச்சை மையில் கையொப்பம். இடப்பக்கம் ஊதா வட்ட முத்திரை, சற்றே சாய்ந்து."

"சாய்ஞ்சுன்னு ஏன்மா போட்ட?"

"சாய்ஞ்சிதான சார் கீது."

வேம்புலி வாயைப் பொத்திக்கொண்டார். சம்பந்தம் படத்தை உற்றுப் பார்த்தார். சாய்ந்துதான் இருந்தது. "என்னமோ பண்ணு" என்று சொல்லிவிட்டுத் தேநீருக்குப் போனார்.

விண்ணப்பம் 12.40க்குத் தரப்பட்டது, ஒப்புகைச் சீட்டு கார்த்திகாவின் கையில் இருக்கிறது. நாற்பத்து மூன்று பள்ளிகளில் பார்வையற்ற பிள்ளைகள் மொத்தம் பதினொரு பேர். இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் மூவர். மற்ற இரண்டு வீட்டுக்கும் யுவராணி தன் போனிலிருந்தே பேசினார். பதினேழாம் தேதி ஆணையோ இன்றுவரை ரத்தாகவில்லை. அதன்படி பார்த்தால் இவர் தட்டும் ஒவ்வொரு வரியும் விதிமீறல். ஒப்பந்தம் ஜனவரியில் முடிகிறது. புதுப்பிக்கக் குறிப்பு எழுத வேண்டியவர் சம்பந்தம். இதை நான் சொன்னபோது யுவராணி நெல்லிக்காயை மறுகன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு, "எளுதட்டும் சார். அதையும் டைப் பண்ணித்தான போடணும்" என்றார்.

அடுத்த திங்கள் புதுச் சுற்றறிக்கை வந்தது. சம்பந்தம் மேசையில் அளவுகோலை வைத்து, அதன் ஓரமாக முத்திரையைக் குத்துவதைக் கண்டேன். மாலை ஐந்து மணிக்கு யுவராணி அந்தத் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கடிதம் முழுவதையும் தட்டி முடித்தார். துப்பட்டாவை எடுத்து முதல் முடிச்சைப் போட்டவர், ஏதோ நினைவு வந்து அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கடைசி வரியில் இரண்டு சொல் சேர்த்தார்: "இம்முறை நேராக." அப்புறம் துப்பட்டாவை இறக்கி, இரண்டாவது முடிச்சைப் போட்டார்.