லேப்டாப் அக்காவும் மலை ஜீப்பும்

ஊரில் கார் வைத்திருக்கிற பாதிப் பேருக்கு லேப்டாப் அக்காவின் சொந்தப் பெயர் தெரியாது. மீதிப் பேர் தெரிந்தும் சொல்வதில்லை. இரண்டு கார் மட்டும் நிற்கக்கூடிய தகரக் கூரை ஷெட் அக்கா வீட்டாருடையது. அதில் ஸ்பேனர் பிடிப்பவர் அவள் கணவர், மெக்கானிக். கார் சீட்டில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, எஞ்சினுக்கு எந்த நொடியில் எவ்வளவு பெட்ரோல் போகவேண்டும் என்று முடிவு செய்பவள் அவள். புதிதாக வருகிறவர்கள் அவளைத் தாண்டிப் போய் மெக்கானிக்கிடம், "டியூன் பண்றவர் எங்க சார்?" என்று கேட்பார்கள். அவர் வாயைத் திறக்காமல் கட்டைவிரலை அவள் பக்கம் காட்டுவார். வந்தவர்களின் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் பதினொரு வருஷம் அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதித்தவள். தினமும் காலையில் முதல் நோயாளி வருவதற்குள், அளவு தெரிந்த திரவத்தை மெஷினில் ஊற்றி, மெஷின் உண்மை சொல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. லேபை வெளி ஆட்களிடம் கொடுத்ததும் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மெக்கானிக்குக்கும் அப்போது நேரம் சரியில்லை. கார்புரேட்டர் காலத்தில் காதை வைத்தே ஸ்க்ரூவைத் திருகி எஞ்சினைப் பாட வைத்தவர் அவர். கம்ப்யூட்டர் பெட்டி வைத்த வண்டி வந்ததும் திருதிருவென்று விழித்தார்.

"இதுல திருகறதுக்கு ஒரு ஸ்க்ரூ கூட இல்லையே" என்று புலம்பினார்.

அவள் அந்தப் பெட்டியின் வயரை லேப்டாப்பில் செருகிப் பார்த்தாள். திரை முழுக்கக் கட்டங்கள், கட்டத்துக்குள் எண்கள். எஞ்சின் வேகம் இந்தப் பக்கம், சுமை அந்தப் பக்கம், நடுவில் பெட்ரோல் அளவு. "எங்க லேப் ரிப்போர்ட் மாதிரிதாங்க இருக்கு. இதுக்கா இவ்வளவு பயந்தீங்க?" என்றாள். சொல்வது சுலபம். அடுத்த நாலு மாசம் அவர்களுடைய சொந்தக் கார் ஒவ்வொரு சிக்னலிலும் நின்று, பின்னால் வந்தவர்களிடமெல்லாம் குடும்பத்துக்கே திட்டு வாங்கிக் கொடுத்தது. ஐந்தாவது மாசம் அது நிற்கவில்லை. அவள் தலையால் தண்ணீர் குடித்துக் கற்ற வித்தை அது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை.

மலையடிவாரத்து ஸ்டாண்டில் பதினொரு ஜீப்புகள், மேலே உள்ள குடியிருப்புக்கு ஆள் ஏற்றிப் போகின்றவை. அவற்றின் டிரைவர்களில் ஒருவர் துணிந்து, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணித்து வேகம் கூட்டுகிற டர்போவைத் தன் ஜீப்புக்கு வைத்தார். அதோடு வெளியில் வாங்கிய கம்ப்யூட்டர் பெட்டியையும் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார். மற்ற பத்துப் பேரும், இந்த வண்டி மலையேறுகிற அழகைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று காத்திருந்தார்கள். புதன்கிழமை டியூன் முடிந்தது. ஆளோடு முதல் பயணம் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு.

சனிக்கிழமை எட்டு மணிக்கு, அடுத்த காருக்காக அக்கா சென்சாரைக் கையில் எடுத்தாள். விரல் நீளம்தான் இருக்கும். புகைக்குழாயில் திருகிவிட்டால், பெட்ரோல் கூடவா குறைவா என்று எரிந்த புகையைப் பார்த்தே சொல்லிவிடும். ஆனால் நாலைந்து நாளுக்கு ஒருமுறை அதற்குச் சுத்தமான காற்றைக் காட்டி, இதுதான் சுத்தம், இதிலிருந்து அள என்று பழக்கவேண்டும். முற்றத்துக் கொடியில் வயரோடு தொங்கவிட்டுப் பழக்கினாள். திரையில் வந்த எண்ணைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. தன் நோட்டைப் புரட்டினாள்.

"ஏங்க, செவ்வாக்கிழமை வந்ததுக்கும் இதுக்கும் நூத்துக்கு எட்டு வித்தியாசம் வருது. அன்னைக்கு மழை. ஷெட்டுக்குள்ள வச்சுதான் பழக்கினேன்."

மெக்கானிக் ஷெட் கதவைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு மழைச்சாரலுக்காகக் கதவைப் பாதி சாத்திவிட்டு, ஒரு பழைய கார்புரேட்டர் காரை அரைமணி நேரம் உறும விட்டவர் அவர்தான். ஷெட் முழுக்கப் புகை. அந்தப் புகையைத்தான் சென்சார் சுத்தமான காற்று என்று நம்பியிருக்கிறது.

"அதுக்கப்புறம் ஜீப் மட்டும்தான் பண்ணோம்" என்றாள் அவள். "ஏத்தத்துல முழுசா மிதிச்சப்ப, பெட்ரோல் கூடன்னு பொய் சொல்லியிருக்கு. நானும் நம்பிக் குறைச்சிருக்கேன். அந்தச் சுமைக்கு அது பத்தாது."

"சென்சார் பழசாயிடுச்சுன்னு சொல்லிடலாம்" என்றார் மெக்கானிக். சொன்னபின் தன் வாயைத் தானே வெறுத்தார்.

அவள் லேப்டாப்பையும் சென்சாரையும் பைக்குள் போட்டாள். கார் சாவியை எடுத்துக்கொண்டாள். வழியெல்லாம் கூப்பிட்டும் ஜீப்காரர் போனை எடுக்கவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஜீப்பில் ஒன்பது பேர் ஏறி உட்கார்ந்து, மடியில் பையெல்லாம் வைத்தாகிவிட்டது. ஜீப்காரர் ஸ்டார்ட் செய்யப் போனார். மற்ற டிரைவர்கள் மாப்பிள்ளை ஊர்வலம் பார்ப்பதுபோல் சுற்றி நின்றார்கள். அக்கா நேராகப் போய்ச் சாவியின் மேல் கையை வைத்தாள்.

"அண்ணே, மலையேறாதீங்க. நான் டியூன் பண்ணது தப்பு."

மெல்லச் சொல்லியிருக்கலாம். ஓரமாகக் கூப்பிட்டும் சொல்லியிருக்கலாம். பத்து டிரைவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

"பெட்ரோல் கம்மியாப் போகுதுன்னா மைலேஜ்தானே? நல்லதுதானே?" என்றார் ஜீப்காரர்.

"சும்மா ஓடறப்ப நல்லதுதான். முழுச் சுமையில ஏறும்போது பெட்ரோல்தான் எஞ்சினச் சூடாகாமக் காப்பாத்துது. அது குறைஞ்சா பிஸ்டன் உருகிடும். கொண்டை ஊசி வளைவுல எஞ்சின் நின்னா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"நேத்து நல்லாத்தானே ஓடுச்சு. சமதரையிலேயே அழுத்தி மிதிச்சுப் பாத்தேனே."

"அப்படின்னா பிளக்கக் கழட்டுங்க. உள்ள என்ன நடந்துச்சுன்னு அது சொல்லும்."

மெக்கானிக் கழற்றினார். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாக வெள்ளிப் புள்ளிகள். பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம் அது. கொஞ்சந்தான், ஆனால் தொடங்கிவிட்டிருந்தது. ஜீப்காரர் அதை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தார். புள்ளிகள் போகவில்லை. அதற்குமேல் அவர் பொறுக்கவில்லை.

"ஒம்பது உயிர ஏத்தி வச்சிருக்கேன்மா! உங்கள நம்பித்தானே வண்டிய விட்டேன்?"

"ஆமாண்ணே. அளவு நான்தான் தப்பா வச்சேன்."

பின்னாலிருந்து ஒரு டிரைவர், "நல்லவேளை, நான் இன்னும் குடுக்கல" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். மெக்கானிக்குக்குக் காது சூடானது. அவள் தன் பக்கம் திரும்பிப் பார்ப்பாள், "இவர்தான்" என்பாள் என்று எதிர்பார்த்து நின்றார். அவள் திரும்பவே இல்லை. லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். அவர் குனிந்து, எஞ்சினில் புது பிளக்கைத் திருகினார்.

பயணிகளை வேறு ஜீப்பில் மாற்றினார்கள். ஒன்பது பேருக்குப் பதில் பத்து சிமென்ட் மூட்டை ஏறியது. மூட்டைகளுக்கு அவசரமும் இல்லை, புகாரும் இல்லை. அக்கா காலையில் பழக்கிய சென்சாரைப் புகைக்குழாயில் திருகிவிட்டு, முதலில் பெட்ரோலை வேண்டிய அளவுக்கும் மேலே ஏற்றி வைத்தாள். ஜீப்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொண்டுவந்தாள். "மூணாவது போடுங்க. மிதிங்க. இன்னும். போதும், விடுங்க." ஒவ்வொரு "போதும்"க்குப் பிறகும் ஒரு கட்டத்தில் ஒரு எண் மாறும். சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த மெக்கானிக் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். அவருடைய பழைய காதுக்கும் அதில் குறை ஒன்றும் கிடைக்கவில்லை.

மேலே போனதும் மறுபடி பிளக்கைக் கழற்றி, காலையில் கழற்றிய பழைய பிளக்கோடு ஒப்பிட்டார்கள். இதில் ஒரு புள்ளிகூட இல்லை. எஞ்சின் பிழைத்துவிட்டது. ஜீப்காரரின் முகம் மட்டும் இன்னும் தெளியவில்லை.

"கீழ பத்துப் பேர் இருக்கான். என்ன நடந்ததுன்னு கேப்பான். நான் என்ன சொல்லட்டும்?"

"நடந்ததச் சொல்லுங்க. தப்பு என்னுதுன்னு சொல்லுங்க."

அதற்குமேல் மெக்கானிக்கால் முடியவில்லை. "அவ தப்பு இல்லீங்க. சென்சாரப் பழக்கறப்ப பக்கத்துல வண்டிய ஓட விட்டு ஷெட்டப் புகையாக்கினது நான்தான். அங்க வச்சே சொல்லியிருக்கணும். வாய் வரல" என்றார்.

அவள் வயரைச் சுருட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "புகை அவர் போட்டாரு. மூக்கு எனக்கும் இருந்துச்சுல்ல? நெடி தெரிஞ்சுது. மழை விட்டதும் இன்னொரு தடவை பாத்துக்கலாம்னு நெனச்சேன், பாக்கல."

அவர் தன் மனைவியைப் பார்த்தார். இத்தனை வருஷமும் அவளுடைய கெட்டிக்காரத்தனத்தைத்தான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார். அவளிடம் பீற்றிக்கொள்ள அதைவிடப் பெரிதாக ஒன்று இருப்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஜீப்காரரின் போன் அடித்தது. கீழே ஸ்டாண்டிலிருந்து, காலையில் சிரித்தவர்களில் ஒருவர்.

"ஏறிடுச்சுடா, ஜம்முனு ஏறிடுச்சு" என்றார் ஜீப்காரர். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவர் அக்காவைப் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார். "உன் வண்டியக் குடுக்கலாமான்னா கேக்கற? தப்புப் பண்ணிட்டு, நீ கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி ஓடி வந்து சாவியப் பிடிக்கறவங்க உனக்கு வேற எங்கடா கிடைப்பாங்க? திங்கக்கிழமை கொண்டு போய் விடு."