குதிரை டாக்டர் கேட்ட கேள்வி

யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற ஆள் இல்லை நான். சந்தையில் தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் பையை நீட்டுவேன். பால்காரர் செம்பைச் சாய்க்கும்போது பாலைப் பார்க்க மாட்டேன், அவர் முகத்தைப் பார்ப்பேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் இதைப் பெருமையாக நாலு பேரிடம் சொன்னார். இரண்டு வருஷத்தில் அதையே பெருமூச்சு விட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

அவர் குந்தாரப்பள்ளியை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. அப்போது எங்கள் பக்கமெல்லாம் சேலம் ஜில்லாதான், ஆனால் தெருவில் நாலு பேர் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்தே காதில் விழும். எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் நாலைந்து பாத்தி அளவுக்கு ஒரு தோட்டம். அதில் நான் கத்திரியும் மிளகாயும் போட்டிருந்தேன். தோட்டத்துக்கு நடுவில் ராஜா மாதிரி படுத்துக் கிடக்கும் எங்கள் நாய். செம்மண் நிறம் என்பதால் செவலை என்று கூப்பிடுவோம். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால்தான் நாய்க்கு இவ்வளவு செல்லம் என்று ஊரில் பேசிக்கொண்டதும் என் காதுக்கு வந்தது. அவர்கள் சொன்னதில் தப்பும் இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் தெலுங்கு பேசுகிற ஒரு அக்கா. புருஷன் இல்லை. கோழி வளர்த்து, முட்டை விற்று, ஒரு துண்டு நிலத்தில் கேழ்வரகும் ஆமணக்கும் போட்டுக் காலம் தள்ளினாள். அவள் கோழிகள் என் பாத்தியைச் சீய்க்கும், நான் கல்லெடுத்து வீசுவேன். என் செவலை ஒருநாள் அவள் பெட்டைக் கோழி ஒன்றைக் கவ்வி இறகும் காலுமாக வாசலில் கொண்டுவந்து போட்டது. அன்றைக்கு அவள் வேலியோரம் நின்று நிதானமாகத்தான் பேசினாள்.

"வாத்தியாரம்மா, இன்னொரு கோழி போச்சுன்னா உங்க நாயி இருக்காது. சொல்லிட்டேன்."

அதற்கு நான் திருப்பி என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

இது நடந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு காலையில் செவலை எழுந்திருக்கவில்லை. சுவரோரம் சுருண்டு கிடந்தது. கிட்டப் போனால் வாந்தி, அதில் ரத்தம். பின்பக்கமும் ரத்தமாகத்தான் போயிருந்தது. என் குரல் கேட்டதும் வாலை மட்டும் ஒருமுறை தரையில் தட்டியது. அன்றைக்குச் சந்தை நாள், பள்ளிக்கூடமும் விடுமுறை. நாயைக் கோணிச் சாக்கில் சுற்றி, சந்தைக்குப் போகிற வண்டி ஒன்றில் ஏற்றிக்கொண்டு இருவருமாகக் கிளம்பினோம்.

சந்தைத் திடலுக்கு எதிரே ஒரு ஓட்டு வீட்டில் இருந்தார் குதிரை டாக்டர். பெங்களூர் கண்டோன்மென்ட்டில் பட்டாளத்துக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர் என்று பேர். அந்தப் பேரை வைத்தவரும் அவரே. காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை ஏற்றிவிட்ட காலுறை. சந்தை நாளில் ஆடு, மாடு, நாய், கழுதை என்று அவர் வாசலில் கூட்டம் நிற்கும்.

செவலையை அவர் எதிரே கிடத்தினோம். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு இரண்டு கை தூரத்திலிருந்தே பார்த்தார். பிறகு நாயை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஆகாதவங்க யாராச்சும் இருக்காங்களா?"

நான் பேசவில்லை. பேசாததையே பதிலாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினார். யாரோ விஷம் வைத்திருக்கிறார்கள், பிழைப்பது கஷ்டம், இதை ஊர் மணியக்காரரிடம் சொல்லி வையுங்கள், இன்றைக்கு நாய்க்கு வைத்தவர்கள் நாளைக்குக் கிணற்றில் கலப்பார்கள் என்றார். ஒரு பொட்டலம் வெள்ளைத் தூள் கொடுத்தார். தண்ணீர் மட்டும் காட்டக்கூடாதாம். தண்ணீர் பட்டால் விஷம் தலைக்கு ஏறிவிடுமாம்.

வாந்தியும் பேதியுமாகக் கிடக்கிற உயிருக்குத் தண்ணீர் கொடுக்காதே என்றால் எனக்கு எங்கேயோ இடித்தது. வாயைத் திறந்து பார்க்க வேண்டாமா, என்ன தின்றது என்று கேட்க வேண்டாமா என்று கேட்டேன். குதிரைக்கே வாயைத் திறக்காமல் நோய் சொன்னவன் நான் என்றார். குதிரைகள் அதற்கு என்ன சொல்லின என்று கேட்க நாக்கு துடித்தது. என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வேப்ப மரத்தடியில் தோல் வியாபாரி பாய் தன் ஜட்கா குதிரையோடு நின்றிருந்தார். என் வீட்டுக்காரருக்குப் பழக்கமானவர். சாக்கைப் பார்த்ததும் அவராகவே பேச்சைத் தொடங்கினார். தோல் கிடங்கில் காவலுக்கு வைத்திருந்த நாயை மூன்று மாதத்துக்கு முன்னால் இதே வாசலுக்குத்தான் தூக்கி வந்தாராம். இதே கேள்விதானாம்.

"எனக்கு என் தம்பி மேல ஒரு சந்தேகம் இருந்துச்சும்மா, பாகத் தகராறு. சரியாப் பொருந்துச்சு. கேட்டுட்டேன். அப்புறம் பாத்தா நாயி தொண்டையில ஆட்டெலும்பு. நானே விரலவுட்டு எடுத்தேன். நாயி கிடங்குலதான் கீது. தம்பிதான் வூட்டுப் பக்கம் வர்றதில்ல."

அப்படியானால் மறுபடி இங்கே ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். குதிரைக்கு இவர் பரவாயில்லை என்றார்.

வண்டியில் திரும்பும்போது மனசுக்குள் கணக்குப் போட்டபடியே வந்தேன். டாக்டர் ஒரு புளுகர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளைத் தூளை வண்டியிலிருந்து வெளியே கொட்டினேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் செவலைக்குத் துணியை நனைத்து வாயில் பிழிந்து தண்ணீர் விட்டேன், அது நக்கிக் குடித்தது. ஆக, அந்த மனுஷர் சொன்ன எதையும் நான் கேட்கவில்லை. விஷம் வைத்திருக்கிறார்கள் என்றாரே, அதை மட்டும் முழுசாக நம்பினேன். அது எனக்குப் பிடித்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று சாயங்காலமே வேலிக்குப் போனேன். அக்கா முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். என் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். மணியக்காரரிடம் சொல்லி ஊரைக் கூட்டுகிறேன், உன்னை இந்த ஊரில் இருக்க விட மாட்டேன் என்றும் சொன்னேன். தனியாக இருக்கிற பொம்பளையிடம் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். மறுபடி வந்தபோது இரண்டு கையிலும் ஒவ்வொரு கோழி தலைகீழாகத் தொங்கியது. இரண்டும் செத்து விறைத்திருந்தன.

"நேத்துச் செத்துச்சுங்க. இன்னிக்குக் காலைல டாக்டரு வூட்டுக்கு முட்டை குடுக்கப் போறப்பக் கேட்டேன். உனக்கு ஆகாதவங்க யாராச்சும் இருக்காங்களான்னாரு. நானும் உங்களத்தான் நெனச்சேன்."

இருவரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்றோம். அவள் நடிக்கிறாளோ என்று அப்போதும் நான் கோழிகளின் அலகைத்தான் உற்றுப் பார்த்தேன். அவளும் என்னை அப்படித்தான் பார்த்தாள். பிறகு அவள் கோழிகளோடு உள்ளே போனாள், நான் செவலையிடம் திரும்பினேன்.

அடுத்த நாள் முழுக்கச் செவலை ரத்தமாகவே போய்க்கொண்டிருந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து துணியைப் பிழிந்து கொடுத்தேன். மணியக்காரரைப் பார்க்கப் போகலாம் என்று நச்சரித்தேன். என் வீட்டுக்காரர் நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டார். பாயின் தம்பி விஷயம் அவர் மனசில் ஓடியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் அக்கா வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே வந்தாள். என்னைக் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. செவலை பக்கத்தில் குந்தி, அது கக்கி வைத்திருந்ததைக் குச்சியால் கிளறினாள். இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்து நோய் சொன்னவர் செய்யாத வேலை அது. கறுப்பாகத் தோல் தோலாக ஏதோ வந்தது. விரலில் எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு எழுந்து என் கத்திரிப் பாத்திக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

செடி மூட்டிலெல்லாம் மண் பறிக்கப்பட்டிருந்தது. அகலமாகப் பறித்தது நாயின் கால். மேலாகச் சீய்த்தது கோழிக் கால். இரண்டு தடமும் பக்கம் பக்கமாக இருந்தன.

"இங்க என்னா ஒரம் போட்டீங்க?"

ஆமணக்குப் புண்ணாக்கு என்றேன். அதை எங்கள் பக்கம் எல்லாரும்தான் போடுவார்கள். தின்றால் விஷம் என்று மாட்டுக்கு எட்டாமல் பரணில் வைப்பார்கள், வாசனை பிடிக்காததால் நாய் கிட்டவே வராது. ஆனால் நான் அதோடு நிறுத்தவில்லை. எலும்புத் தூள் போட்டால் காய் கொழுகொழுவென்று பிடிக்கும் என்று என் வீட்டுக்காரர் ஏதோ நோட்டீஸில் படித்துச் சொல்லியிருந்தார். சந்தையில் ஒரு பை வாங்கி, இரண்டையும் ஒரே பானையில் ஊறப் போட்டுப் பிசைந்து, நாய் வாயில் நீர் ஊற வாசனை வரும் உருண்டையாக உருட்டி, ஒவ்வொரு செடி மூட்டிலும் கையாலேயே புதைத்திருந்தேன். ஆழமாகக்கூட இல்லை. நல்லதும் நல்லதும் சேர்ந்தால் ரொம்ப நல்லது என்று நினைத்தேன். நான்கு நாளைக்கு முன்னால் செய்தது.

நான் சொல்லச் சொல்ல அக்காவின் முகம் மாறியது. கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஐயோ வாத்தியாரம்மா" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்குப் போய் மோர் கொண்டுவந்து செவலைக்கு ஊற்றிப் பார்த்தாள். அது உள்ளே போகவில்லை, வாயோரம் வழிந்தது. உச்சிப் பொழுதுக்கு மேல் செவலை செத்துப்போனது. அதுவரை நான் எழுந்து தள்ளிப் போனபோதெல்லாம் கண்ணாலேயே என்னைத் தேடியது. உருண்டை பிடித்த கையை அப்போதும் அது நக்கியது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

குழியை அக்காதான் வெட்டினாள், நான் மண் தள்ளினேன். கத்திரிச் செடிகளை ஒன்று விடாமல் பிடுங்கினோம். செத்த கோழிகளுக்கு ஈடாக என்ன வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றாள். நான் பேசிய பேச்சைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டு, அந்த ஊரைவிட்டு மாற்றலாகிப் போகும்வரை கேட்காமலே இருந்தேன்.

அடுத்த சந்தைக்குத் தனியாகப் போனேன். குதிரை டாக்டர் வீட்டைத் தாண்டும்போது அவர் வாசலிலிருந்து கூப்பிட்டார், படியேறிப் போனேன். அவர் எதிரே, சாக்கில் சுற்றிய ஒரு கறுப்பு நாயோடு ஒரு விவசாயி நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா, நாய் என்ன ஆச்சு?"

போய்விட்டது என்றேன்.

"யாருன்னு தெரிஞ்சுதா?"

அந்த விவசாயி என்னைப் பார்த்தார். நாயும் பார்த்தது. பாத்தியையும் பானையையும் உருண்டையையும் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்து பாருங்கள், என்ன தின்றது என்று கேளுங்கள் என்று அந்த மனுஷருக்காவது சொல்லியிருக்க வேண்டும். வேலியோரம் அவ்வளவு நீண்ட என் நாக்கு அங்கே எழும்பவில்லை.

"தெரிஞ்சுதுங்க" என்றேன்.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பாத்தியா, வாத்தியார் வீட்டம்மாவே சொல்றாங்க" என்றார் விவசாயியிடம். பிறகு கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, உனக்கு ஆகாதவங்க யாராச்சும் இருக்காங்களா என்று கேட்டார். அந்த மனுஷர் நாயைத் தடவிக்கொடுத்துக்கொண்டே யோசிக்க ஆரம்பித்தார். அவர் முகத்தில் ஒரு பெயர் வந்து உட்காருவதைப் பார்த்துக்கொண்டே நான் படியிறங்கினேன்.