பாயசத்துக்குப் பிறகு சாம்பார்

இன்று மதியம் கிழக்கேகோட்டையில் கல்யாணச் சாப்பாடு. பந்தி விசாரிப்பு என் அத்தான், அக்காவின் கணவர். எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் அவர் குரல் கொடுத்தால்தான் அடுத்த வாளி உள்ளே வரும்.

பருப்பு, சாம்பார் ஆயிற்று. போளியும் பாயசமும் முடிந்தன. அடுத்தது மோர்க்குழம்பு மாதிரியான புளிசேரி என்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

"சாம்பாரு வரட்டும்டே!" என்றார் அத்தான்.

பந்தியே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு, அடுத்தது என்னவென்று அதில் எழுதியிருப்பதுபோல என் இலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கை கழுவும் இடத்தில் அக்காவைப் பிடித்தேன். "அத்தானுக்கு மறதி வந்துட்டோ?"

"மறதி ஒண்ணுமில்லடே. யாருக்கு சுகரு, யாருக்கு பிரஷரு, எல்லாம் ஓர்மையிருக்கு. ஒண்ணு முடிஞ்சா அடுத்து என்னங்கறதுதான் பிடிகிட்ட மாட்டேங்குது. நேத்து புதுச்சட்டையப் போட்டுட்டு குளிக்கப் போனாரு."

இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். பின்னால் உட்கார்ந்து அவர் காதோடு பேசிக்கொண்டே போவது அக்காவின் வழக்கம். இந்த வயதிலும் என்ன கொஞ்சல் என்று நாங்கள் கேலி செய்வோம்.

இன்று பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டுவிட்டது.

"கிளச்சப் பிடிங்க. இனி கியரு. இனி மெதுவா விடுங்க."

கரமனையில் அக்கா வீட்டில் இன்னும் யாரும் போன் எடுக்கவில்லை.

கரமனைப் பக்கத்து நண்பர்களே, சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் நகராத ஒரு ஸ்கூட்டரைப் பார்த்து இன்று யாராவது ஹாரன் அடித்தீர்களா?