நாலாவது சிஸ்டம்

இது நடந்தது. அறிவு பொய் சொல்லக்கூடியவர்தான். ஆனால் தன் பெருமையைக் குறைக்கிற பொய்யை இதுவரை சொன்னதில்லை.

குமாரபாளையத்தில் லுங்கி டிசைன் போடும் ஆபீஸ். மூன்று கம்ப்யூட்டர்கள். டிசைன்களையெல்லாம் மூன்றுக்கும் பொதுவாகச் சேர்த்து வைக்க ஒரு சர்வர் பெட்டி. ஒரு டிசைன் திறப்பதற்குள் டீ ஆறிப்போகும். விசிட்டிங் கார்டில் 'சிஸ்டம் வேக நிபுணர்' என்று அச்சடித்துக்கொண்ட அறிவு, ஏற்கெனவே இரண்டு ஆபீஸ்களில் வேகத்தைக் கூட்டப்போய் இருந்ததையும் நிறுத்தியவர். இதுவும் போனால் ஊரில் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள்.

"ஆறு மணிக்குள்ள ஓடோணுங்க. இல்லீனா வேற ஆளப் பாத்துக்கறேன்," என்றார் முதலாளி கந்தவேல். பக்திமான். சர்வருக்கும் பொட்டு வைத்திருந்தார், தூசிதான் தட்டவில்லை.

அறிவு ரேம் கூட்டினார். வேண்டாததை அழித்தார். வயர் மாற்றினார். மணி 4:10. நகரவில்லை.

சர்வரில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்த்தார்.

நான்கு பேர்.

நாலாவது சிஸ்டத்தின் பெயர் அன்புச்செல்வி. நிமிடத்துக்கு ஒரு முறை ஒரே ஃபைலைச் சேமித்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் டிக்... டிக்...

தான் உட்கார்ந்திருந்ததைத் தவிர மற்ற இரண்டு சிஸ்டங்களின் வயரைப் பிடுங்கினார். வைஃபையை அணைத்தார்.

டிக்.

ஃபைலைத் திறந்தார். ஒரே வரி, பதினைந்து முறை.

'கதவத் தொறங்க.'

4:22. பதினாறாவது வரி வந்தது.

சாம்பிராணி வாசம்...

4:23. 'யாராச்சும் இருக்கீங்களா?'

அறிவு கதவைப் பார்த்தார். திறந்தேதான் கிடந்தது.

4:24. 'அறிவண்ணா, நீங்களாச்சும்...'

ஆறு மணி... பிழைப்பு...

அழித்தார். பெயரோடு.

டிக் நின்றது. வயர்களைச் செருகினார். டிசைன் கண்ணிமைக்கும் முன் திறந்தது.

"அடேங்கப்பா! என்ன பண்ணுனீங்க?"

"ஒரு பழைய பேரு... எடுத்துட்டேனுங்க."

எந்தப் பேர் என்று கந்தவேல் கேட்கவில்லை.

வாசல் பெருக்கிய அத்தாயிதான் சொன்னார்: "போன ஆயுத பூசைக்கு, மறுநாள் வரைக்கும் எதையும் தொடக்கூடாதுன்னு மெயினை அணைச்சுக் கதவப் பூட்டிட்டாங்க சாமி. உள்ள, அப்ப இருந்த நாலாவது சிஸ்டத்துல அந்த அன்புச்செல்விப் புள்ள டிசைன் போட்டுட்டிருந்துச்சு. செல்லு வெளிய, பூசையில. புகை வேற... இழுப்புக்காரப் புள்ள..."

அன்று யுபிஎஸ் பதினைந்து நிமிடம் தாங்கியிருக்கிறது. ஃபைலில் பதினைந்து வரி. மறுநாளே கந்தவேல் அந்த ஃபைலை அழித்துவிட்டாராம்.

அறிவு அழித்தபோது பதினெட்டு இருந்தது.