சைடு டிரம் தோளில் ஏறிய சனிக்கிழமை

கல்யாணமாகி மத்தூருக்கு வந்த புதிதில் எனக்கு ஓரிடத்தில் உட்காரப் பிடிக்காது. கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவள் நான். அங்கே சுரங்கத்துச் சங்கு ஊதும், ஷிப்டு மாறும், லைன் வீடுகளில் எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருக்கும். மத்தூரிலோ சந்தை நாள் தவிர மற்ற நாட்களில் மத்தியானமானால் தெருவே படுத்துவிடும். நான் மட்டும் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருப்பேன். கை சும்மா இருக்காது. சோற்றுப் பானையின் மூடி, முறத்தின் விளிம்பு, கதவு என்று எதிலாவது விரல்கள் தட்டிக்கொண்டே இருக்கும்.

"வீட்டுல தட்டறவங்க பத்தலைன்னு நீ வேறயா?" என்பார் மாமியார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் வாழ்க்கைப்பட்டது பேண்டு வீடு. மாமனார் பெரிய டிரம் அடிப்பார், எல்லோருக்கும் அவர்தான் மாஸ்டர். என் வீட்டுக்காரர் கிளாரினெட், கொழுந்தன் சைடு டிரம். கார்னெட்டுக்கும் தாளத்தட்டுக்கும் பங்காளி வீட்டு ஆட்கள் இருந்தார்கள். மாதா கோயில் தேர், கட்சி ஊர்வலம், மாப்பிள்ளை அழைப்பு எல்லாவற்றுக்கும் கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் எங்கள் வீட்டுக்குத்தான் ஆள் வரும். சிவப்புக் கோட்டு, பொன் நிறச் சரிகை, தொப்பி எல்லாம் உண்டு.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த வருஷமே கொழுந்தன் பெங்களூருக்கு ஃபேக்டரி வேலைக்குப் போய்விட்டான். அறுபதுகளின் கடைசி அது. ஓசூர்ப் பக்கம் வயசுப் பையன்கள் எல்லாம் எல்லையைத் தாண்டிப் பெங்களூருக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். "போனா அப்படியே போயிடு" என்று மாமனார் வாசலில் நின்று சொன்னார். அவனும் திரும்பிப் பார்க்காமல் போனான். அதிலிருந்து அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு இல்லை. பண்டிகைக்கு வந்தாலும் அவன் பின்கட்டு வழியாக வந்து, அம்மாவிடம் சாப்பிட்டுவிட்டு, அப்படியே போய்விடுவான்.

இப்படி இருக்கும்போதுதான் டூரிங் டாக்கீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களிடம் தமிழ் பேசுவார்.

"மாஸ்டரே, சனிக்கிழமை புதுப்படம் போடறேன். கதையே பேண்டு கதைதான். சின்ன ஊரு, ஒரு பேண்டு செட்டு, அப்பனும் புள்ளைங்களும் சண்டை போட்டுப் பிரிஞ்சு போறாங்க, கடைசில ஒண்ணு சேர்ந்து தெருவுல வாசிச்சுக்கிட்டுப் போறாங்க. குடும்பத்தோட பாக்கலாம். மொத ஆட்டத்துக்கு முன்னாடி நீங்க ஊரைச் சுத்தி ஒரு மார்ச் வந்தீங்கன்னா கொட்டகை நிறைஞ்சுடும்."

மாமனார் கதையைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "வாசிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர், சைடு டிரம் அடிக்க வரச்சொல்லித் தம்பிக்குச் சொல்லியனுப்பினார். சனிக்கிழமை நாலு மணி பஸ்ஸில் வந்துவிடுவதாகப் பதில் வந்தது. மாமனாருக்கு இது தெரியும். தெரியாதவர் போல இருந்தார்.

அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கால் பரபரக்கிறது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மாமனார் பெரிய டிரம்மின் கயிற்றை இழுத்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். என் வீட்டுக்காரர் கிளாரினெட்டில் சீவாளியை மாற்றி மாற்றிப் போட்டு ஊதிப் பார்த்தார். மாமியார் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, மறந்துபோய்த் திரும்ப அடுப்பில் ஏற்றினார். ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் எல்லாத் தலையும் ரோட்டுப் பக்கம் திரும்பியது.

நாலு மணி பஸ் வந்தபோது நானே ஓடினேன். இறங்கியவர்களில் கொழுந்தன் இல்லை. கண்டக்டர் கன்னடக்காரர், அவனைத் தெரிந்தவர்.

"நம்ம வண்டில அவரு பரலில்லம்மா, வரல. ஓசூர் ஸ்டாண்டுலயும் காணோம்" என்றார், பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அவன் வரமாட்டான்னு எனக்கு அப்பவே தெரியும். டாக்கீஸ்காரருகிட்டப் போயி முடியாதுன்னு சொல்லிடறேன். சைடு டிரம் இல்லாம மார்ச்சு போனா, பொணத்து ஊர்வலம் மாதிரி இருக்கும்."

அவர் செருப்பைத் தேடியபோது என் வாய் என்னைக் கேட்காமல் பேசிவிட்டது.

"மாமா, நான் வாசிக்கிறேன்."

தங்கவயலில் நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளியில் பெண்கள் பேண்டு உண்டு. குடியரசு தின அணிவகுப்பில் முன்வரிசையில் சைடு டிரம் அடித்துக்கொண்டு போனவள் நான். இது என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அவர் கிளாரினெட்டை மடியில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறாரா பயப்படுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

மாமியார்தான் முதலில் பேசினார். "என்னாடி சொல்ற? ஆம்பளைங்களோட ரோட்டுல மோளம் அடிச்சுக்கிட்டுப் போறதா? மாதா கோயில் சாமியாரு பாத்தா என்ன சொல்லுவாரு? ஊரு என்ன சொல்லும்?"

மாமனார் உள்ளே போனார். சைடு டிரம்மையும் குச்சிகளையும் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"அடிச்சுக் காட்டு."

வாரைத் தோளில் மாட்டினேன். முதல் உருட்டு பிசகியது, கை மறந்திருந்தது. நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினேன். இரண்டாவது தடவை குச்சிகள் தாமாகவே வழி கண்டுபிடித்தன. மார்ச் அடியைப் பிடித்து நான் நிற்காமல் அடித்துக்கொண்டிருக்கும்போதே பெரிய டிரம்மின் சத்தம் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது. மாமனார் கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார். நான் எங்கே வேகம் எடுக்கிறேன், எங்கே குறைக்கிறேன் என்று பார்க்கிறார் என்பது புரிந்தது. நிறுத்தினோம்.

"கொஞ்சம் ஓடுற. என் அடியக் கேட்டு வா" என்றார். பிறகு மாமியாரிடம், "கோட்ட எடுத்துக் குடு."

கொழுந்தனின் சிவப்புக் கோட்டைச் சேலைமேல் போட்டு, தோளில் தொங்கியதை ஊக்குக் குத்தி இழுத்துப் பிடித்தார் மாமியார். ஊக்கை ஒவ்வொன்றாகக் குத்தும்போதும் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டேன்.

தெருவில் இறங்கியதும் முதலில் சத்தமே இல்லை. கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை அப்படியே உயரத்தில் நிறுத்திவிட்டார். யாரோ ஒருத்தன் விசில் அடித்தான். என் காது சூடேறியது. மாமனார் அடியை மட்டும் கேட்டேன். கிளாரினெட் எடுத்தது, கார்னெட் சேர்ந்தது. பெண்கள் வீட்டுக்குள்ளிருந்து மாவுக் கையோடு வெளியே வந்தார்கள். படத்து நோட்டீஸ் கட்டோடு டாக்கீஸ்காரரும் கூட நடந்தார், குழந்தைகள் முன்னால் ஓடின. விசிலடித்தவனும் கொஞ்ச தூரத்தில் அடிக்கு ஏற்ப நடக்க ஆரம்பித்திருந்தான். எனக்கு நடை போதவில்லை. அந்தத் தெரு கிருஷ்ணகிரி வரைக்கும் போகாதா என்றிருந்தது.

பஸ் நிற்கும் முனையில் திரும்பும்போது ஒரு மாங்காய் லாரி வந்து நின்றது. மூட்டைகளின் மேலிருந்து ஒருத்தன் குதித்தான். தலையெல்லாம் புழுதி. என் கொழுந்தன்தான். ஃபேக்டரியில் மத்தியானம் வரைக்கும் விடவில்லை, பஸ்ஸை விட்டுவிட்டு ஓசூரில் லாரி பிடித்து வந்தான் என்பது பிறகு தெரிந்தது. தன் கோட்டையும் டிரம்மையும் மாட்டிக்கொண்டு நடுரோட்டில் வரும் அண்ணியைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றான்.

டிரம்மைக் கழற்றிக் கொடுக்க வேண்டுமா என்று மாமனார் முகத்தைப் பார்த்தேன். அவர் அடியை நிறுத்தவில்லை. எனக்கும் நிறுத்தச் சொல்லி ஜாடை காட்டவில்லை. மகனுக்கு நேராக வந்ததும் அடித்துக்கொண்டே உரக்கச் சொன்னார்:

"பாத்துக்கிட்டு நிக்கறியே, அந்த நோட்டீஸ வாங்கி ஜனங்களுக்குக் குடுடா!"

மாதக்கணக்கில் அவனிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. கொழுந்தன் டாக்கீஸ்காரர் கையிலிருந்த நோட்டீஸ் கட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி, இரண்டு பக்கமும் ஓடி ஓடிக் கொடுத்தான். "வாங்க, வாங்க, எங்க அண்ணி வாசிக்கிறாங்க" என்று கத்தினான். படத்தின் பெயரைச் சொல்லவே இல்லை. டாக்கீஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

கொட்டகை நிறைந்தது. எங்களுக்குப் பெஞ்சு போட்டிருந்தார்கள். படம் ஓடியது, ஆனால் என்னால் உட்கார முடியவில்லை. உள்ளங்கை இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. திரையில் அப்பனும் பிள்ளைகளும் பிரிகிற கட்டம் வந்தபோது மாமனார் பீடி பிடிக்க எழுந்து வெளியே போனார். சற்றுப் பொறுத்துக் கொழுந்தனும் போனான். பெஞ்சின் ஓரத்தில் இருந்த எனக்குக் கூடாரத் துணியின் இடுக்கில் இரண்டு பேரும் தெரிந்தார்கள். மாமனார் எதையோ கேட்டார். அவன் கையை விரித்து, ஏதோ மிஷின் எப்படிச் சுற்றுகிறது என்று சுற்றிக் காட்டினான். அவர் தலையை ஆட்டினார். படத்தில் குடும்பம் ஒன்று சேர்ந்து வாசித்தபோது கொட்டகையே கைதட்டியது. அவர்கள் இருவரும் அப்போதும் வெளியே பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

திங்கட்கிழமை கொழுந்தன் பெங்களூருக்குத் திரும்பினான். இந்த முறை வாசல் வழியாகப் போனான், மாமனார் பஸ் வரைக்கும் கூடப் போனார். சைடு டிரம் என்னிடமே தங்கிவிட்டது. மூத்தவள் வயிற்றில் வரும்வரை தேருக்கும் கல்யாணத்துக்கும் நான்தான் அடித்தேன். சாமியார் ஒன்றும் சொல்லவில்லை, சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் மாதாவுக்கு முன்னால் என்னை நிறுத்தினார்.

நாகரசம்பட்டியில் ஒரு மாந்தோப்புக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் மட்டும் தகராறு வந்தது. பெண்ணின் தகப்பனார் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னாங்க மாஸ்டரு, பொம்பளையக் கூட்டியாந்திருக்கீங்க?"

"எங்க மருமகளுங்க" என்றார் மாமனார். "வாசிக்கலாங்களா, வண்டி ஏறட்டுங்களா?"

அந்த மனுஷர் பதில் சொல்லும் முன்பே மணப்பெண் ஜன்னலிலிருந்து, "அப்பா, அவங்க வாசிக்கட்டும்" என்றாள். நான் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டு முதல் அடியைப் போட்டேன்.