யாரும் அழுத்தாத ஏழு

பரமக்குடியில் கம்ப்யூட்டர் படித்து முடித்த கூத்தையாவுக்கு வேலை கொடுக்க அந்த ஊரில் ஒருத்தரும் இல்லை. படித்ததை வைத்துப் பிழைக்க அவன் கண்டுபிடித்த இடம் தேவிபட்டினம். கடலுக்குள் ஒன்பது கிரகமும் ஒன்பது கல்லாக நிற்கிற நவபாஷாணம் இருக்கிறது. கிரகம் ஆட்டிவைப்பதாக நினைப்பவர்கள் எல்லாம் அங்கே வருகிறார்கள். வருகிறவர்களுக்கு ஆறுதலாக நாலு வார்த்தை வேண்டியிருக்கிறது. தொண்ணூற்று நாலில் கடற்கரைக்குப் போகிற வழியில் ஓர் அறை பிடித்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்து, 'கம்ப்யூட்டர் நவக்கிரக வாக்கு' என்று போர்டு மாட்டினான். கல்லாக நிற்கிற கிரகம்தான் வாய் திறப்பதில்லை, கண்ணாடிக்குள் இருக்கிற கிரகமாவது பேசட்டுமே என்று அவனுக்கு நினைப்பு.

புரோகிராம் சின்னதுதான். திரையில் ஒன்பது கட்டங்களை ஆமை வேகத்தில் வரையும். வரைந்து முடித்ததும் ஓர் எண்ணைக் கேட்கும். ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் எதையாவது தொட்டால் போதும். என்டர் தட்ட வேண்டாம், தொட்ட மாத்திரத்தில் வாக்கு விழும். அந்த ஒற்றைப் பட்டன் வித்தையில்தான் ஜனங்கள் சொக்கிப் போனார்கள். வாக்கு விழுந்ததும் மிஷின் தானாகவே அடுத்த ஆளுக்குக் கட்டம் வரையத் தொடங்கிவிடும். ஒன்பது வாக்குகளையும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கூத்தையாவே எழுதினான். ஏழுக்கு 'போனவர் வருவார்'. எட்டுக்கு 'இனிக் காத்திருக்க வேண்டாம்'. சாமிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

மறு வருஷம் ஆடி அமாவாசைக்கு இருளம்மாள் வந்தாள். முதுகுளத்தூர்ப் பக்கம் கூலி வேலை பார்க்கிறவள். மழை பொய்த்ததால் அவள் புருஷன் சின்னக்கருப்பன் தங்கச்சிமடத்தில் ஒரு விசைப்படகில் வேலைக்குச் சேர்ந்தான். படகு கவிழ்ந்தது, மற்றவர்கள் கரை சேர்ந்தார்கள், அவன் உடல்கூடக் கிடைக்கவில்லை. கடலிலேயே காரியம் செய்துவிடலாம் என்று கொழுந்தன் வேல்சாமி அவளைக் கூட்டி வந்திருந்தான். காரியம் முடிந்தால் தாலி இறங்கும். அதற்கு முன்னால் ஒரே ஒரு தரம் கேட்டுவிடுகிறேன் என்று அவள் கடைக்குள் நுழைந்தாள்.

கட்டம் வரைந்து முடிந்தது. அவள் கை இன்னும் மடியில்தான் இருந்தது. அதற்குள் திரை மாறிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவள் கூத்தையாவைப் பார்த்தாள். அவன் வாய் தன்பாட்டுக்கு வாசித்தது: "போனவர் வருவார்."

கைபடாமல் வந்த வாக்கு! கடையில் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கூத்தையாவுக்கு உடனே விளங்கிவிட்டது. முந்தைய ஆள் அவசரக்காரர்; கட்டம் வரையும்போதே ஏழாம் எண்ணை இரண்டு தரம் குத்திவிட்டார். ஒன்று அவர் கணக்கில் போயிற்று. மற்றதை மிஷின் வயிற்றுக்குள் வைத்திருந்து, கேட்கும் நேரம் வந்ததும் இவள் கணக்கில் எடுத்துக்கொண்டது. கற்றுக்குட்டிகள் எல்லாரும் செய்கிற தப்பு. சொல்லியிருக்கலாம். ஆனால் கும்பல் தன்னையும் சேர்த்துக் கும்பிடுவதைப் பார்த்தபோது அவனுக்கு நாக்கு எழவில்லை. காரியம் செய்யாமலே இருளம்மாள் தாலியோடு ஊர் திரும்பினாள்.

அன்றைக்கே புரோகிராமைத் திருத்தினான். எண்ணைக் கேட்பதற்கு முன்னால், மிச்சம் மீதி இருப்பதையெல்லாம் வெளியே கொட்டிவிடும்படி இரண்டு வரி சேர்த்தான். அதற்குப் பிறகு ஒரு நாளும் அது தானாகப் பேசவில்லை.

அடுத்த ஆடி அமாவாசைக்கு இருளம்மாள் மறுபடியும் வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். வேல்சாமியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"வந்துட்டாருண்ணே," என்றாள்.

கூத்தையாவுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"பொழுது சாயவும் வந்து வாசல்ல நிக்கிறாரு. உள்ள வாங்கன்னா வரமாட்டேங்கிறாரு. சோறு வச்சா தொட மாட்டேங்கிறாரு. நாயி அங்கன அண்ட மாட்டேங்குது. விடிஞ்சு பாத்தா நின்ன எடம் ஈரமாக் கெடக்கு. தொட்டு நாக்குல வச்சுப் பாத்தேண்ணே, ஒரே உப்பு."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். இதற்கு மேலும் மறைக்கக் கூத்தையாவுக்குத் துணிவில்லை.

"தாயி, போன வருசம் வந்தது ஒனக்கு வந்த வாக்கு இல்ல. ஒனக்கு முந்தி இருந்த ஆளு அமுக்குனது உள்ள தங்கிப்போச்சு. நான் சொல்லாம விட்டுட்டேன்."

அவள் கோபப்படவில்லை. "அது எனக்குத் தெரியாதேண்ணே. அவருக்கும் தெரியாதுல்ல? வருவாருன்னு சொன்னீக, வந்துட்டாரு. காரியமும் செய்யல, அவரு எங்கன போவாரு? இப்ப போகச் சொல்லி ஒரு வாக்கு வாங்கிக் குடுங்க. இங்கன சொன்னாத்தான் கேப்பாரு."

"நீயே அமுக்கு தாயி."

"மாட்டேன். கட்டுன புருசன எங்கையால எப்படிப் போகச் சொல்லுவேன்? நீங்களே அமுக்குங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. கட்டம் முடிந்து, திரை எண் கேட்டுக் காத்துக்கொண்டிருந்தது. கூத்தையா எட்டை நோக்கி விரலை நீட்டினான். விரலுக்கும் பட்டனுக்கும் நடுவே இன்னும் இடம் இருந்தது. திரை மாறியது.

போனவர் வருவார்.

அவன் புரோகிராமை மனதுக்குள் வரி வரியாக ஓட்டிப் பார்த்தான். உள்ளே மிச்சம் ஒன்றும் இருக்க வழியில்லை. காலையிலிருந்து ஏழாம் எண்ணை யாரும் தொடவும் இல்லை.

"என்ன போட்டிருக்குண்ணே?" இருளம்மாள் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

கூத்தையா திரையைப் பார்த்தபடியே, நிறுத்தி நிதானமாக வாசித்தான்: "இனிக் காத்திருக்க வேண்டாம்."

அவள் நெஞ்சு குலுங்க அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், "வாங்க தம்பி, செஞ்சிருவோம்," என்றாள். வேல்சாமி அவளைக் கடலுக்குக் கூட்டிப் போனான். காரியம் முறைப்படி முடிந்தது. அதற்குப் பிறகு அவள் வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை என்று வேல்சாமி பின்னால் ஒருநாள் சொன்னான்.

அன்றைக்கு அவர்கள் போன பிறகு கூத்தையா கடையில் தனியாக நின்றான். செய்தது சரி என்று அவனுக்குத் தெரியும். பயம் மட்டும் போகவில்லை. இந்தத் தரம் விரல் நீட்டியது அவன்தான். போனவர் வருவார் என்று எழுதிவைத்தவன், யாரிடம் வருவார் என்று எழுதவில்லை. தெருவில் வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. அவன் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்காமலே நின்றான்.